நியூசிலாந்தில் நீதிமன்றம் வண்டி ஓட்டத் தடை விதித்த பிறகும் வரம்புக்குட்பட்ட உரிமம் பெற முடியுமா?

பலருக்கு முடியும். தடைக்காலத்திலேயே, குறிப்பிட்ட தேவைக்காக மட்டும் வண்டி ஓட்ட மாவட்ட நீதிமன்றம் அனுமதிக்கும் உரிமம் இது. எந்த நாள், எந்த நேரம், எந்த வாகனம் என்பதெல்லாம் ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கும். முழு ஓய்வு சொன்ன மருத்துவர், கழிப்பறைவரை நடக்கலாம் என்று விடுவதைப் போன்றது. நோய் குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

காரணம் நியாயமானது: தண்டனை தவறு செய்தவரோடு நிற்க வேண்டும், அவரை நம்பியிருப்பவர்களை நசுக்கக் கூடாது. அதனால்தான் 1998-ஆம் ஆண்டின் தரைப் போக்குவரத்துச் சட்டம் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. உங்களுக்கே கஷ்டம் என்றால் அது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். வேலை போவது உதாரணம். பிறருக்கு என்றால், நியாயமற்ற கஷ்டம் என்று காட்டினாலே போதும். பஸ்ஸில் போவது சிரமம் என்ற வாதம் எடுபடாது. வேலைக்காகக் கேட்டால், முதலாளியின் பிரமாணப் பத்திரத்தை விண்ணப்பத்தோடு கட்டாயம் இணைத்துவிடுங்கள்; வெறும் வாய்ச்சொல்லை நம்பிப் போகாதீர்கள்.

பெரும்பாலோரால் தடையின் முதல் 28 நாட்கள் ஓட்டவே முடியாது. சில குற்றங்களுக்கு இந்த வாய்ப்பே கிடையாது.

ஆணை கைக்கு வந்ததும் ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆணையைக் காட்டி, ஓட்டுநர் உரிமம் வழங்கும் முகவரிடம் உரிமத்தைப் பெறுவதற்கு முன் ஓட்டினால், தடையை மீறி ஓட்டிய குற்றமே ஆகும்.