கப்பி போட்டும் கனம் குறையவில்லையே?

பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சனிக்கிழமைதோறும் சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் கூடி, கையில் கிடைத்ததை வைத்து எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். எளிய இயந்திரங்கள் பற்றிப் பெரியவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஐயா, மகனுக்கு ஐந்து வயது. நெம்புகோல், கப்பி எல்லாம் அடங்கிய விளையாட்டுப் பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, வீட்டுக் கதவு போதும். கைப்பிடிப் பக்கம் ஒரு விரலால் தள்ளச் சொல்லுங்கள். பிறகு கீலை ஒட்டி அதே விரலை வைத்துத் தள்ளட்டும். முக்கி முனகிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வை வந்த பிறகுதான் அடுத்த வேலை. 30 செ.மீ. அளவுகோலில் 15-ஆம் கோட்டுக்கு அடியில் பென்சிலை வையுங்கள்; உருளாமலிருக்க இருபுறமும் களிமண். 10-ஆம் கோட்டில் இரண்டு காசுகள், மறுபுறம் 25-ஆம் கோட்டில் ஒரே காசு. ஒன்று இரண்டைத் தாங்கும். காசுகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அளவுகோல் கொஞ்சம் தள்ளாடும், பரவாயில்லை.

கேள்வி (சீலநாயக்கன்பட்டி): காலி நூல்கண்டில் கப்பி செய்து மாடிப்படிக் கம்பியில் தொங்கவிட்டோம். "கனம் குறையவே இல்லையே" என்கிறாள் மகள். எங்கே தவறு?

பதில்: தவறே இல்லை, அவள் சொன்னதுதான் சரி. ஓரிடத்தில் தொங்கும் ஒற்றைக் கப்பி இழுக்கும் திசையை மட்டுமே மாற்றும். கிணற்றில் குனிந்து மேலே இழுப்பதற்குப் பதிலாக நின்றபடி கீழே இழுக்கிறோம்; உடம்பின் எடையும் கூட உழைப்பதால் சுலபமாகத் தோன்றுகிறது. கனம் குறைய வேண்டுமானால் கப்பியும் சுமையோடு சேர்ந்து ஏற வேண்டும். கயிற்றின் ஒரு முனையைக் கம்பியில் கட்டி, சுமை தொங்கும் உருளைக்கு அடியில் கொடுத்து, மறுமுனையை மேலே இழுக்கட்டும். ஏறக்குறைய பாதி பலம் போதும். உராய்வும் உருளையின் எடையும் கொஞ்சம் தின்னும். ஆனால் சுமை ஒரு முழம் ஏற, கயிறு இரண்டு முழம் வர வேண்டும். கயிற்றில் முழத்துக்கு ஒரு மை அடையாளம் போட்டு எண்ணவிடுங்கள்.

இன்னொன்று. பெரியவர்கள் இருவர் ஆளுக்கொரு வழவழப்பான கம்பைப் பிடித்து எதிரெதிரே நிற்க வேண்டும். ஒரு கம்பில் கயிற்றைக் கட்டி, இரண்டையும் நாலைந்து முறை சுற்றி, மறுமுனையைப் பிள்ளையிடம் கொடுங்கள். நீங்கள் கம்புகளை விலக்கி இழுங்கள், அவள் கயிற்றை இழுக்கட்டும். என் பேத்தி ஆறு வயதில் தன் அப்பாவையும் சித்தப்பாவையும் இப்படித்தான் முட்டிக்கொள்ள வைத்தாள். நைலான் கயிறாக இருக்கட்டும். பருத்திக் கயிறு கம்பைக் கவ்விக்கொள்ளும்.

கேள்வி (ஏற்காடு, ஓர் ஆசிரியை): சாய்தளத்துக்கு எங்கள் மலைச்சாலையையே காட்டலாமா?

பதில்: தாராளமாக, டீச்சர். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். நேர்க்கோட்டில் சாலை போட்டிருந்தால் பஸ் ஏறியிருக்காது. அதனால்தான் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சரிவை மடித்து வைத்திருக்கிறார்கள். வகுப்பில் ஒரே உயரத்துக்கு ஒரு குட்டைப் பலகையும் ஒரு நீளப் பலகையும் சாய்த்து, பொம்மை லாரியை ரப்பர் பேண்டால் இழுக்கச் சொல்லுங்கள். ரப்பர் எவ்வளவு நீள்கிறது என்று அளவுகோலால் அளக்கட்டும். பிறகு செங்கோண முக்கோணக் காகிதம் ஒன்றைப் பென்சிலில் சுற்றுங்கள். சாய்ந்த விளிம்பு திருகாணியின் புரியாக மாறும். பட்டறையில் பல வருடம் புரி வெட்டிய எனக்கே இதை ஒரு காகிதத் துண்டுதான் புரியவைத்தது.

கேள்வி: ஆப்புக்கு அரிவாள்மனையைக் காட்டலாமா?

பதில்: காட்டலாம், தொடவிடக் கூடாது. களிமண் உருண்டையில் அளவுகோலின் தட்டைப் பக்கத்தையும் விளிம்பையும் மாற்றி மாற்றி அழுத்தட்டும்.

கேள்வி: நெம்புகோலின் மூன்று வகைகளை மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

பதில்: ஆறு வயதிலா? வேண்டவே வேண்டாம். கத்தரிக்கோல், பாக்குவெட்டி, முள்வாங்கி மூன்றையும் நீங்களே இயக்கிக் காட்டி, "எந்த இடம் அசையாமல் நிற்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். முதல் இரண்டில் உடனே விரலை நீட்டுவார்கள். முள்வாங்கியில் தடுமாறுவார்கள். அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள், என் திண்ணையில் ஒருவன் அதற்கு இரண்டு சனிக்கிழமை எடுத்துக்கொண்டான்.