அது துரு இல்லை, தேய்த்து எடுத்துவிடாதீர்கள்

நண்பரே, 1095 என்ற கார்பன் எஃகு வகையில் ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கிய கத்தி எலுமிச்சை நறுக்கிய மறுநாளே நீலமும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாகிவிட்டது, ஏமாந்துவிட்டேனா, பாலிஷ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாறவில்லை. அந்த எஃகில் கார்பன் சுமார் 0.95 சதவீதம், குரோமியம் சேர்ப்பதில்லை. துருப்பிடிக்காத எஃகுக்குக் குறைந்தது 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். அதனால் அமிலம் பட்டால் நிறம் மாறத்தான் செய்யும், இதைத்தான் பாட்டினா என்கிறார்கள்.

சந்தேகமிருந்தால் வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அழுத்தித் துடையுங்கள். செம்மண் நிறத்தில் கறை ஒட்டினால் துரு. நீலமும் கறுப்பும் அப்படியே நின்றால் கவலை வேண்டாம். நகத்தால் வருடினாலும் தெரியும்: துரு சொரசொரக்கும், பாட்டினா வழுவழுவென்றே இருக்கும்.

கார்பன் எஃகுப் பிரியர்கள் அதிகம் ரசிப்பதே இந்த நிறத்தைத்தான், கைப்பிடி மரமெல்லாம் அப்புறம். வெங்காயம் ஒரு சாயல் தரும், இறைச்சி பளிச்சென்ற நீலம் தரும், இரண்டு கத்தி ஒரே மாதிரி ஆகாது. சிலர் பொறுக்கமாட்டாமல் வினிகரில் முக்கியோ கடுகு விழுது பூசியோ ஒரே நாளில் வரவழைத்துவிடுகிறார்கள், எனக்கென்னவோ அதில் பாதி சுவாரசியம் போய்விடுகிறது.

நறுக்கியதும் கழுவி, துடைத்து, மினரல் ஆயில் மெல்லிசாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். தோலுறையில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். செம்புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் எண்ணெய் தொட்ட மெல்லிய எஃகு நாரால் (ஸ்டீல் வுல்) லேசாகத் தேய்த்தால் போதும்.