லிப்போ பற்றரியை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

கேட்டவர் எழுதியது இது: மகனுக்கு அவனுடைய மாமா கனடாவிலிருந்து வரும்போது ஒரு ரிமோட் கார் கொண்டுவந்திருக்கிறார். கூடவே 2200 மில்லி அம்பியர் மணி அளவுள்ள, மூன்று கலம் (செல்) கொண்ட லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி இரண்டு. பகல் முழுவதும் வேலை என்பதால் இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா? வீட்டுக்குள் வைக்கப் பயம், ஆகவே பின்பக்கக் கிடுகுக் கொட்டிலில் வைக்கலாமா?

தூங்கவும் கூடாது, கொட்டிலில் வைக்கவும் கூடாது. இரண்டில் கொட்டில்தான் மோசமான யோசனை. வீட்டுக்குள் எரிந்தால் புகை எழுப்பிவிடும் என்று நம்பவும் வேண்டாம். சோழகக் காற்று வீசும் மாதத்தில் காய்ந்த கிடுகில் ஒரு பொறி விழுந்தால் உங்கள் கொட்டில் மட்டுமல்ல, பக்கத்து வளவும் போகும்.

நான் கிளிநொச்சி வட்டக்கச்சிப் பக்கம். நீர்ப்பம்பி திருத்துவது தொழில். அறுவடை முடிந்து இறுகிய வயலில் ரிமோட் கார் ஓட்டுவது அந்தத் தொழிலைக் கெடுக்கும் பழக்கம். பறக்கும் எதையும் நான் வாங்குவதில்லை. ஆளில்லா விமானத்தை வண்டு என்று அழைத்த போர்க்காலத்தை அம்மா மறக்கவில்லை. அந்த இரைச்சல் போல ஏதாவது கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். அதனால் தரையில் ஓடுவது மட்டும்தான் நம் வீட்டில்.

இனி என் முட்டாள்தனம். முதல் வருடத்தில் ஒருமுறை ஓடி முடித்த காரிலிருந்து பற்றரியைக் கழற்றாமல், சுவிச்சையும் அணைக்காமல் இரண்டு நாள் விட்டுவிட்டேன். பிறகு கலம் கலமாக அளந்தபோது இரண்டில் 1.1 வோல்ற், மூன்றாவதில் 0.6. லிப்போ கலம் ஒன்று 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கவே கூடாது. சார்ஜரும் அதை ஏற்க மாட்டேன் என்று பீப் பீப் என்று கத்தியது. அந்தப் பற்றரியின் விலையை நினைத்துப் பார்த்தேன். வீடியோ ஒன்றில் பார்த்த தந்திரம் நினைவுக்கு வந்தது: நிக்கல் பற்றரி என்று சார்ஜரிடம் பொய் சொல்லி, சிறிய மின்னோட்டத்தில் கொஞ்சம் ஏற்றி, பிறகு லிப்போவுக்கு மாற்றுவது. வேலை செய்தது. கலங்கள் 3 வோல்ற்றைத் தாண்டின. பெருமையோடு முழு மின்னோட்டம் கொடுத்தேன். படலையில் ஒருவர் பம்பி மோட்டாரோடு வந்து கூப்பிட்டார், போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது விறாந்தையில் வெள்ளைப் புகை. அடுத்த நொடி சீறிக்கொண்டு தீ. கீழே இருந்தது மர வாங்கு, அதன்மேல் பிளாஸ்டிக் பாய். வாங்கின் கரிந்த பக்கத்தை அம்மா இன்னும் சுவர்ப்பக்கம் திருப்பித்தான் வைத்திருக்கிறார்.

ஏன் அப்படி ஆனது என்பதைப் பிறகுதான் படித்தேன். கலத்தின் எதிர் (மைனஸ்) பக்கத்தில் மெல்லிய செப்புத் தாள் இருக்கிறது. வோல்ற்றளவு மிகவும் இறங்கிவிட்டால் அந்தச் செப்பு, கலத்துக்குள் இருக்கும் மின்பகுபொருள் என்ற திரவத்தில் கரையத் தொடங்கும். மறுபடி ஏற்றும்போது கரைந்த செப்பு கண்ட இடத்தில் படியும். இரு பக்கத்தையும் பிரித்து வைத்திருக்கும் தாளைத் தாண்டி உள்ளேயே குறுஞ்சுற்று உண்டாகலாம். அந்தச் சூட்டில், 130 பாகை செல்சியஸ் அளவில், பிரிக்கும் தாள் உருகுகிறது. இன்னும் சூடேறினால் நேர் (பிளஸ்) பக்கப் பொருள் தானே ஒட்சிசனை வெளிவிடும். சாக்கைப் போட்டு மூடி, காற்றை அடைத்து அணைக்கலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது. ஆகவே ஒரு கலமாவது அடியோடு இறங்கிய பற்றரியை உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள். ஊதிய பற்றரியும் அப்படித்தான். வயிறு உப்பிய தலையணை போல இருந்தால் உள்ளே மின்பகுபொருள் சிதைந்து வாயுவாகியிருக்கிறது என்று அர்த்தம். கார் மோதி நசுங்கியதையும் அதே வரிசையில் சேருங்கள்.

இடத்துக்கு வருவோம். கூரையின் கீழ் இல்லாத சீமெந்துத் தரை, அல்லது வேலியும் விறகும் எட்டாத முற்றம். நான் சீமெந்துக் கல் நான்கைச் சதுரமாக அடுக்கி, நடுவில் மண்சட்டி வைத்து, அதற்குள் பற்றரியை வைக்கிறேன். சார்ஜர் கல்லுக்கு வெளியே இருக்கும். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். வெயில் நேரடியாக விழக்கூடாது என்பதால் காலையிலோ மாலையிலோ செய்வேன். மாரியில் மழை விட்ட நாளாகப் பார்ப்பேன். கடைகளில் தீத்தாங்கும் பை என்று ஒன்று விற்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் அதை நம்பிப் படுக்காதீர்கள்; அது தீயைக் கொஞ்சம் அடக்கும், நிறுத்தாது. வெளிநாட்டுக்காரர்கள் பழைய துப்பாக்கி ரவைப் பெட்டி நல்லது என்று எழுதுகிறார்கள். வன்னியில் அந்தப் பெட்டியைத் தேடி யாரும் அலைய வேண்டாம். பற்றரி எரிவதற்கு முன்பே பலருக்கு விளக்கம் சொல்ல நேரும். அதோடு, இறப்பர் வைத்து இறுக்கி மூடும் எந்தப் பெட்டியும் ஆபத்து. வாயு போக வழியில்லாவிட்டால் பெட்டியே வெடிக்கும்.

சார்ஜரில் மகன் முதலில் தவறு செய்யக்கூடிய இடம் ஆரம்பத் திரை. பற்றரியின் வகை லிப்போ என்றும், கலங்களின் எண்ணிக்கை மூன்று என்றும் இருக்க வேண்டும். ஒரு கலம் நிறைந்தால் 4.20 வோல்ற், மூன்றுக்கு 12.6. லிப்போவிலேயே 4.35 வரை ஏற்றக்கூடிய வகையும் உண்டு. சாதாரணப் பற்றரிக்கு அந்த அமைப்பைத் தெரியாமல் தேர்ந்தால் ஒவ்வொரு கலமும் அளவு மீறி ஏறும். மின்னோட்டம் 2.2 அம்பியர். கொள்ளளவு எத்தனை அம்பியர் மணியோ அத்தனை அம்பியர் என்று மனதில் வைத்தால் போதும். லேபிளில் ஐந்து மடங்கு வேகத்தில் ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். அது விற்கிறவரின் அவசரம், உங்களுக்கு ஒரு மணி நேரம் பொறுக்க முடியும்.

தடித்த இரண்டு வயரை மட்டும் கொழுவிவிட்டு விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை முனையோடு வரும் மெல்லிய நான்கு வயர் அழகுக்கு இல்லை. அதன் வழியாகத்தான் சார்ஜர் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே பார்க்கிறது. அது இல்லாமல் மொத்தம் 12.6 என்று காட்டும்போது ஒன்று 4.0, ஒன்று 4.2, ஒன்று 4.4 ஆக இருக்கலாம். மொத்தம் சரி, மூன்றாவது கலம் எரியப் போகிறது. தொடங்கும் முன்னர் மூன்று எண்ணையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, பலரும் திறந்தே பார்க்காத அமைப்பு: இத்தனை நிமிடத்துக்கு மேல், இத்தனை மில்லி அம்பியர் மணிக்கு மேல் ஏறினால் நிறுத்து என்று சார்ஜரிடம் சொல்லி வைக்கலாம். உங்கள் பற்றரிக்கு 2500 மில்லி அம்பியர் மணி என்று வையுங்கள். ஏதாவது பிழைத்தாலும் அதற்கு மேல் போகாது.

விரலால் தொட்டுப் பார்ப்பதும் ஒரு கருவிதான். இந்த மின்னோட்டத்தில் நல்ல பற்றரி சூடாவதில்லை. கை உணரும் அளவுக்குச் சூடேறினால் நிறுத்தி விடுங்கள். ஓடி முடித்த கையோடு சூடாக இருக்கும் பற்றரியையும் கொழுவக் கூடாது. தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரையாவது ஆற விடுங்கள்.

மின்வெட்டு பற்றியும் ஒரு சொல். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வெட்டினார்களே, அப்போது லான்ட்மாஸ்ரர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பற்றரியிலிருந்துதான் ஏற்றினேன். பெரும்பாலான சார்ஜர்கள் 12 வோல்ற்றிலும் வேலை செய்யும். எஞ்சின் ஓடும்போது மட்டும் கொழுவாதீர்கள். உங்கள் பற்றரி ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 24 வாற் மணி. 7 அம்பியர் மணி யூபிஎஸ் பற்றரியிலிருந்து எடுத்தால் வீணாவதையும் சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இரண்டையும் அடுத்தடுத்து ஏற்றி அந்தப் பற்றரியைக் கொல்ல வேண்டாம். இடி மின்னல் நாளில் எதையும் கொழுவ வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வெயில்தான் எங்கள் ஊரில் பற்றரியின் மெதுவான எமன். முழுதாக ஏற்றி, தகரக் கூரையின் கீழ் அலுமாரி மேல் இரண்டு வாரம் வைத்தால் ஊதாமல் இருந்தால்தான் அதிசயம். மகன் அடுத்த ஓரிரு நாளில் ஓட்டப் போவதில்லை என்றால் சார்ஜரில் சேமிப்பு என்ற நிலையைத் தேர்ந்து, கலத்துக்கு 3.8 அளவில் விடுங்கள். வீட்டில் குளிர்ச்சியான மூலை, நிலத்தோடு, மண்சட்டிக்குள். ஓட்டும்போதும் கலத்துக்கு 3.5 வந்தால் நிறுத்துவது நல்லது. சிறிய அலாரம் ஒன்று இருக்கிறது, அந்த வெள்ளை முனையில் செருகினால் நேரம் வந்ததும் ஊரைக் கூட்டிக் கத்தும்.

மீறித் தீப்பிடித்தால்: கை எட்டுமென்றால் சுவரில் பிளக்கை இழுங்கள். பற்றரியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். புகையில் ஐதரசன் புளோரைட்டு இருக்கும், நுரையீரலுக்கு நஞ்சு. காற்று வரும் பக்கமாக நின்று மணலைக் கொட்டுங்கள், சுற்றியிருப்பவை பிடிக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள். லித்தியம் என்றால் தண்ணீர் ஆகாது என்று பள்ளியில் படித்தது உலோகத்துக்கு. இந்தப் பற்றரியில் அது உலோகமாகக் கிடப்பதில்லை. நிறையத் தண்ணீர் குளிர்விக்கத்தான் செய்யும். அணைந்த பிறகும் மறுபடி மூளும். என்னுடையதை மறுநாள் காலை வரை முற்றத்தில் மணலுக்குள் விட்டேன்.

பழுதானதை எப்படித் தள்ளுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். வேலியோரம் குப்பை கூட்டி எரிக்கும்போது அதற்குள் போட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் குப்பைக்குள் எது வெடித்தாலும் நாலு வீடு தள்ளியிருப்பவருக்கும் நெஞ்சு பதறும். ஊதாத, நசுங்காத பழைய பற்றரி என்றால் முற்றத்தில் வைத்து மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற் பல்ப் ஒன்றைக் கொழுவி, அது மங்கி அணையும் வரை விடுங்கள். பிறகு முனைகளைத் தனித்தனியே ஒட்டும் ரேப் சுற்றி, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். மாமா அடுத்த முறை புதிதாகக் கொண்டுவந்தால் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் விடமாட்டார்கள்; அதற்கும் முனைகளில் ரேப் வேண்டும்.