தொலைந்த கோல்ஃப் பந்துகளை எடுத்து விற்கும் தொழில் கட்டுப்படியாகுமா?

பெரிய முதல் இல்லாமல், கோல்ஃப் மைதானங்களில் தொலையும் பந்துகளை எடுத்துச் சுத்தம் செய்து விற்றுச் சம்பாதிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், சில ஆண்டுகளாக நான் செய்துவருவதும் அதுதான். ஆனால் வலையும் வாளியும் வாங்குவதற்கு முன்னால், மைதான நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிவிடுங்கள்.

அடித்தவரே தேடிக் கைவிட்ட பந்து யாருக்கும் சொந்தமில்லை என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன். 2002இல் இங்கிலாந்தில், இரவில் ஒரு மைதானத்துக் குளத்தில் இறங்கிப் பந்தெடுத்த ஒருவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில்தான் அவர் வெளியே வந்தார் என்று படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. எடுக்கும் பந்துக்கு இவ்வளவு என்று பணமாகவோ, பயிற்சித் திடலுக்கு ஒரு பங்கைச் சுத்தம் செய்து திருப்பித் தருவதாகவோ பேசி முடிக்கலாம். பணம் புரளாத தொடக்கத்தில் இரண்டாவது வழிதான் எனக்குத் தோதாக இருந்தது.

பந்து எடுப்பதைவிடத் தரம் பிரிப்பதில்தான் இந்தத் தொழிலின் வருமானம் இருக்கிறது. வெந்நீரில் மிதமான சோப்புத்தூளைக் கரைத்து ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்தாலே குழிகளுக்குள் படிந்திருக்கும் பாசி பெரும்பாலும் போய்விடும். நானோ அவசரப்பட்டு, ஒரு கூடைப் பந்துகளை வெளுப்புத் திரவத்தில் இரவு முழுவதும் போட்டுவைத்து, காலையில் பளபளப்பு போய், அச்சிட்ட பெயரும் மங்கிப்போன பந்துகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழுவிக் காய்ந்த பிறகு, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பந்தையும் கட்டைவிரலால் உருட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் வெட்டு நகத்தில் தட்டும். புதிதுபோல் இருப்பவை முதல் தரம், லேசான உராய்வோ பேனாக் குறியோ உள்ளவை அடுத்த தரம், நிறம் மாறியவை பயிற்சிக்கு மட்டும். நெடுநாள் நீரில் கிடந்த பந்து, வெளியே பழுதில்லாமல் தெரிந்தாலும் போகும் தூரத்தில் குறையக்கூடும் என்பதால், சந்தேகம் வந்தால் ஒரு தரம் கீழே இறக்கிவிடுவேன். வண்ணம் பூசிப் புதுப்பித்த பந்தை அப்படியே சொல்லி விற்க வேண்டும். மறைத்து விற்றவரிடம் வாங்கியவர் மறுபடி வரமாட்டார். கலந்து கட்டியதைவிட ஒரே நிறுவனத்தின் ஒரே ரகத்தைப் பன்னிரண்டாகக் கட்டினால் சீக்கிரம் விலைபோகும்.

புதர்களில் தேடுவதற்குக் காலும் பொறுமையும் போதும். 2019இல் கோல்ஃப் விதி மாறி, தொலைந்த பந்தைத் தேட ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது நமக்கு ஆதாயம்தான். குளம் வேறு. 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாத விட்டமும் 45.93 கிராமுக்கு மிகாத எடையும் கொண்ட விதிப்படியான பந்து நீரைவிட அடர்த்தியானதால், மூழ்கிச் சேற்றில் புதைந்துவிடுகிறது. அடியில் கண் தெரியாது, கையால் துழாவித்தான் எடுக்க வேண்டும். கரையிலிருந்து நீளக் கம்பில் கட்டிய வலையால் எட்டுகிற வரை எடுங்கள், தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். எனக்கு இன்றும் குளத்தில் இறங்குபவர் முறையாக முக்குளிப்புப் பயிற்சி பெற்ற ஒருவர்தான். அவருக்குத் தரும் கூலியைக் கழித்த பிறகே லாபத்தைக் கணக்கிடுகிறேன்.