மகள் சொன்னதில் என்ன தப்பு?

கேள்வி: பிளஸ் டூவில் என் மகள் நல்ல மார்க் எடுத்தாள். மார்க் ஷீட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று சண்டைக்கு வருகிறாள். பெருமைப்படக்கூடவா எனக்கு உரிமையில்லை?
- ஒரு தந்தை, காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாகப் பெருமைப்படுங்கள் சார். மாங்காய் மண்டியில் நின்று சத்தமாகவே சொல்லுங்கள். ஆனால் நான் மகள் கட்சி.

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் சென்டரும் நடத்துகிறேன். நாள் முழுக்க ஊரார் காகிதம்தான் கையில். மார்க் ஷீட்டில் என் கண் மார்க்குக்குப் போகாது. பெயர், போட்டோ, பிறந்த தேதி, பதிவெண், பள்ளி என்று எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது. டவுன்லோடு செய்த ஆதார் பி.டி.எஃப்.புக்கு பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? ஆங்கிலத்தில் பெயரின் முதல் 4 எழுத்து, அப்புறம் பிறந்த வருடம். ஆதாரை டவுன்லோடு செய்ய ஓ.டி.பி. வேண்டும், சரி. ஆனால் சென்டர் கம்ப்யூட்டரிலேயே ஃபைலை விட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! கடை சாத்தும்போது அதையெல்லாம் அழிப்பதே எனக்கு ஒரு வேலை. மற்ற கடைகளைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று, ஸ்காலர்ஷிப் போன். கல்வித்துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பிள்ளையின் பெயர், பள்ளி, மார்க் எல்லாம் பிசகாமல் ஒப்பிப்பான். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று நாமும் நம்பிவிடுவோம். "பணம் ஏற கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பான். பின் போட்டால் பணம் போகும், வராது. அப்படிப் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுமே என்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் மறையாதே! உங்கள் போனில் யார் யார் நம்பர் இருக்கிறது என்று ஒருமுறை தள்ளிப் பாருங்கள்: சிலிண்டர் போடுபவர், என்றைக்கோ பழைய வண்டியை விலை கேட்டவர், நிலத் தரகர்...

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். அப்பாவிடம் மட்டும் செல்லாது என்று அதில் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. அவளிடமே கேட்டு, மொத்த மார்க்கை மட்டும் டைப் செய்து போடுங்கள்.

கேள்வி: ஒகேனக்கல்லில் லாட்ஜ் எடுத்தால் ஆதார் நகல் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?
- வாசகி, பர்கூர்

பதில்: ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதைக் காட்டிப் பாருங்கள். ஆதார்தான் வேண்டும் என்றால், டவுன்லோடு செய்யும்போது 'மாஸ்க்டு ஆதார்' கட்டத்தில் டிக் போடுங்கள். கடைசி 4 எண் மட்டும் தெரியும். நகலின் குறுக்கே 'ஒகேனக்கல் அறைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ரிசப்ஷன் பையன் தன் சொந்த வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொன்னால் மட்டும், "பேப்பர்தான் தம்பி இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.