முதுகைத் திருகினால் படுக்கை காயுமா?

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறோம். என் மகனுக்கு 8 வயது. குழந்தையிலிருந்தே வாரத்தில் நாலைந்து இரவு படுக்கையை நனைத்துவிடுகிறான். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. தோழி சொன்னதால், முதுகெலும்பைக் கையால் திருகிச் சரிசெய்கிற ஒரு கைரோபிராக்டரிடம் அழைத்துப் போனேன். முதுகெலும்பு விலகி, சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். 12 முறை வந்தால் சரியாகிவிடும், முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் தள்ளுபடி என்கிறார். மாமியாரோ, "இவன் அப்பனும் ஒன்பது வயசு வரைக்கும் இப்படித்தான், விடு" என்கிறார். இன்னும் நாலு மாதத்தில் பள்ளியில் கேம்ப் வேறு. பணம் கட்டட்டுமா, டாக்டர்?

பதில்: கட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தில் காரணத்தைச் சரியாகப் பிடித்தவர் மாமியார்தான். பெற்றோரில் ஒருவருக்குச் சிறு வயதில் இது இருந்திருந்தால், பிள்ளைக்கும் வர 100-க்கு 44 வாய்ப்பு. இருவருக்கும் இருந்திருந்தால் 77.

இரவில் சிறுநீர் குறைவாக ஊறுவதற்கு வாசோபிரெசின் என்ற ஹார்மோன் வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது இரவில் போதுமான அளவு சுரக்கத் தாமதமாகிறது. சிலருக்குச் சிறுநீர்ப்பை கொஞ்சம்தான் பிடிக்கும். எதுவானாலும், பை நிறைந்த தகவல் போயும் மூளை விழிப்பதில்லை. இதில் சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை.

கைரோபிராக்டர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. சிறுநீர்ப்பை நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்துதான் கிளம்புகின்றன. ஆனால் அந்த நரம்பு நிஜமாகவே அழுந்தினால் இரவு பகல் பார்க்காது. பகலிலும் கசியும், மலம் கழிப்பதில் சிக்கல் வரும், கால் பலவீனமாகும். பகல் முழுக்க ஓடி விளையாடிவிட்டு இரவில் மட்டும் நனைக்கிற பையனுக்கு எலும்பு விலகியிருக்கிறது என்பது கதை.

ஆராய்ச்சியே இல்லாமல் இல்லை. 1994-இல் 46 பிள்ளைகளை வைத்து ஒன்று செய்தார்கள். 10 வாரம் முதுகைச் சரிசெய்தபின், 14 இரவுக்குச் சராசரியாக 9.1 ஆக இருந்த ஈர இரவுகள் 7.6 ஆயின. அதாவது இரண்டு வாரத்துக்கு ஒன்றரை பெட்ஷீட் மிச்சம்! சிகிச்சை பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, அந்த வித்தியாசம்கூட உறுதியாகச் சொல்லும்படி இல்லை. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். ஒன்றுமே செய்யாவிட்டாலும் இந்தப் பிள்ளைகளில் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தானாகவே நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து யார் கை வைத்தாரோ, பெயர் அவருக்குப் போய்விடும்.

உங்கள் விக்டோரியா மாநில அரசின் அமைப்பான சேஃபர் கேர் விக்டோரியா 2019-இல் இதை ஆராய்ந்து, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்தெந்தத் தொல்லைகளுக்காக முதுகெலும்பைத் திருகக் கூடாது என்று ஒரு பட்டியலே பரிந்துரைத்தது. படுக்கை நனைப்பது அதில் இருக்கிறது. அடுத்த முறை தள்ளுபடி பற்றிப் பேசினால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் என்னதான் செய்வது? அலாரம். உள்ளாடையிலோ படுக்கையிலோ சின்ன சென்சார். ஈரம் பட்டதும் அலறும். மெல்பர்னில் சில மருந்துக்கடைகளில் வாடகைக்கே தருவார்கள். முதல் இரண்டு வாரம் வீடே எழுந்து உட்காரும், இவன் மட்டும் தூங்குவான். நீங்கள் போய் எழுப்பத்தான் வேண்டும். எழுப்பி, சத்தத்தை அவன் கையாலேயே நிறுத்த வைத்து, கழிப்பறைக்கு நடத்திக் கூட்டிப் போங்கள். தூக்கிக்கொண்டு போனால் பயனில்லை. அவன் மூளை விழிப்பதுதான் பாடம். தொடர்ந்து 14 இரவு காய்ந்திருக்கும்வரை விடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குப் பலன் கிடைக்கிறது. நிறுத்தியபின் சிலருக்குத் திரும்பும். மறுபடி வைத்தால் போதும்.

அதற்கு முன்னால், மலம் ஒழுங்காகப் போகிறானா என்று பாருங்கள். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை நெருக்கும். இதை யாரும் கேட்பதே இல்லை. பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். மாலைக்குமேல் கோலா, டீ வேண்டாம்.

ஆறு மாதம் காய்ந்திருந்துவிட்டுத் திடீரென நனைத்தாலோ, அளவுக்கு மீறிய தாகமும் எடை குறைவும் இருந்தாலோ, எரிச்சல், பகல் கசிவு, குறட்டை இருந்தாலோ ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) காட்டுங்கள். தாகமும் எடை குறைவும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே. அது சர்க்கரை நோயாக இருக்கலாம்.

சரி, கேம்ப். அலாரத்தை இன்றே தொடங்கினாலும் அதற்குள் முடியாமல் போகலாம். வாசோபிரெசினைப் போலவே இரவில் சிறுநீரைக் குறைக்கும் மருந்து டெஸ்மோபிரெசின். நாக்குக்கு அடியில் கரையும் அந்த மாத்திரையை ஜிபி எழுதித் தருவார். கேம்புக்குச் சில வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பாருங்கள். அதைப் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து எட்டு மணி நேரம் பின்வரை தண்ணீரை மிகவும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகலாம். டீச்சரிடம் தனியாகச் சொல்லிவைத்து, மாற்று பைஜாமாவை ஸ்லீப்பிங் பேக்கின் அடியிலேயே சுருட்டி வையுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள், தானும் ஒன்பது வயதுவரை நனைத்ததை உங்கள் கணவரே அவனிடம் சொல்லட்டும்.