மாங்கனீசு டெல்லுரைடு: சூடானால் விரிவது மட்டுமா?

"ஒரு குறைகடத்தியின் வெப்ப விரிவுக்கும் காந்தப் பண்புக்கும் தொடர்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நான் அதை நேரிலேயே பார்த்திருக்கிறேன், மாங்கனீசு டெல்லுரைடு என்ற குறைகடத்தியில்.

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக அதன் தூளை எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே சிதறும் கோணங்களை வைத்து அணு அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் முறை) எடுத்துக்கொண்டிருந்த நேரம். காலையில் ஏசி ஓடியது, அறை 23 டிகிரி. மதியம் ஏசி நின்றுபோய், மே மாத வெக்கையில் 35 டிகிரி ஆகிவிட்டது. அதே தூளைத் திரும்ப ஓட்டினால் பீக்குகள் சிறிய கோணத்தின் பக்கம் லேசாக நகர்ந்திருந்தன, அதாவது அணு அடுக்குகளின் இடைவெளி கூடியிருந்தது. தட்டு சரியாக உட்காரவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அப்படியென்றால் அளவு சரிபார்க்கக் கலந்திருந்த சிலிக்கானின் பீக்கும் கூடவே நகர்ந்திருக்க வேண்டும். அது நின்ற இடத்திலேயே நின்றது. சிலிக்கான் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 2.6 பங்குதான் நீளும். அன்றைய மாற்றம் முழுக்க மாங்கனீசு டெல்லுரைடினுடையது.

காரணம், அதன் நீல் வெப்பநிலை, அதாவது காந்த ஒழுங்கு கலையும் வெப்பநிலை, 307 கெல்வின்; 34 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே ஒவ்வொரு மாங்கனீசு அடுக்கிலும் ஸ்பின்கள் (அணுக்களின் குட்டிக் காந்தங்கள்) எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்; அடுத்த அடுக்கில் நேர் எதிர்ப்பக்கம். மொத்தக் காந்தம் பூஜ்யம், இதுதான் எதிர்ஃபெரோ காந்தம். அடுக்குகளுக்கு நடுவில் உள்ள டெல்லூரியம் வழியாகத்தான் ஸ்பின்கள் ஒன்றையொன்று உணர்கின்றன. அணுக்கள் நெருங்க நெருங்க இந்தப் பிணைப்பு வலுக்கும், ஆற்றலும் குறையும். அதனால் ஸ்பின்கள் ஒழுங்குக்கு வரும்போது படிகத்தையே உள்ளே இழுக்கின்றன. படிகத்தின் விறைப்பு எதிர்த்துத் தள்ளும்; இரண்டும் சமமாகும் இடத்தில் கன அளவு நிற்கும். சாதாரணக் குளிர்ச்சியால் வரும் சுருக்கம் போக, காந்தத்தால் மட்டும் 0.7 சதவீதத்துக்கு மேல் சுருங்குவதாக எக்ஸ்ரே அளவீடுகள் காட்டுகின்றன. எதிர்ஃபெரோ காந்தங்களில் இது மிகப் பெரிய அளவு. சூடாக்கும்போது இந்தப் பிடி தளர்வதால், 34 டிகிரியை ஒட்டி விரிவுக் கெழு (ஒரு டிகிரிக்கு எவ்வளவு விரிகிறது என்ற அளவு) கூர்மையாக எகிறும்.

இன்வார் என்ற இரும்பு-நிக்கல் உலோகக் கலவையில் இதற்கு நேர்மாறு. அங்கே காந்த ஒழுங்கு கன அளவைப் பெருக்கும்; குளிர்ச்சியின் சுருக்கத்தை அது ஈடுகட்டுவதால்தான் இன்வார் கிட்டத்தட்ட நீள்வதே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 307 கெல்வினைத் தாண்டியதும் எல்லாம் கலைந்துவிடுவதில்லை. பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் சிறு சிறு கூட்டங்களாக இன்னும் ஒத்துப்போவதை நியூட்ரான் சிதறல் காட்டுகிறது. லித்தியம் கலந்த மாங்கனீசு டெல்லுரைடு நல்ல தெர்மோஎலக்ட்ரிக் பொருளாக (வெப்பத்தை மின்சாரமாக்கும் பொருளாக) இருப்பதற்கு இந்த மிச்ச ஒழுங்கும் கைகொடுக்கிறது. எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

நீங்களே அளக்கப்போகிறீர்கள் என்றால் 290 முதல் 320 கெல்வின் வரை இரண்டு இரண்டு டிகிரியாக ஏறுங்கள். பத்துப் பத்தாகத் தாவினால் அந்த எகிறல் கண்ணில் படாமலே போய்விடும். சிலிக்கான் கலக்க மறக்காதீர்கள்.